டாப்சிலிப் என்னும் சறுக்குமரம்

ஆனைமலை என்ற ஊரில் மலை கிடையாது. தென்னந்தோப்பு இருக்கிறது, மாசாணியம்மன் கோயில் இருக்கிறது, கோயிலைச் சுற்றிப் பொரியும் வளையலும் மாங்காய்ப் பத்தையும் விற்கிற கடைகள் இருக்கின்றன. மலை மட்டும் தெற்கே தள்ளி, பங்காளி வீட்டுக் கல்யாணத்துக்கு வந்தவர் மாதிரி ஒதுங்கி நிற்கிறது. பெயரைக் கொடுத்ததோடு என் வேலை முடிந்தது, மொய்யெல்லாம் எழுத மாட்டேன் என்கிற முகம்.

நான் கோயில் வாசலில் மாங்காய்ப் பத்தை ஒரு பொட்டலம் வாங்கினேன். கிளிமூக்கு மாங்காய், கீறிவிட்டு உப்பும் மிளகாய்த்தூளும் தூவியது. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், இந்த அடிவாரத்தின் வரலாறே ஒரு மாங்காயில்தான் ஆரம்பிக்கிறது. மிளகாயும் பின்னால் வரும்.

டாப்சிலிப் பஸ் வந்தது. ஏறும்போது நடத்துநர், "ஏனுங்க, அதைய மேல கொண்டுபோனா கொரங்கு உடாதுங்க" என்றார். அரசாங்க எச்சரிக்கைகள் எல்லாவற்றையும் எப்படி எடுத்துக்கொள்வேனோ அப்படியே இதையும் எடுத்துக்கொண்டேன்.

முதலில் மலையின் வயதைச் சொல்லித் தொலைக்க வேண்டும். மேற்குத் தொடர்ச்சி மலை இமயத்தைவிட மூத்தது. இமயத்துக்குத் தெற்கே இந்தியாவின் மிக உயரமான சிகரமான ஆனைமுடி, 2,695 மீட்டர், இந்த ஆனைமலைக் கூட்டத்தில்தான் இருக்கிறது. நடுவில் எல்லை விழுந்ததில் அது கேரளத்துக்குப் போய்விட்டது. பெயரில் பாதி எங்களிடம், உச்சி அவர்களிடம். வடக்குப் பக்கம் பாலக்காட்டுக் கணவாய். குமரி வரை இறங்கும் மலைச்சுவரில் கொத்தனார் சாப்பிடப் போன நேரத்தில் விட்டுப்போன சந்து மாதிரி அகலமாகத் திறந்து கிடக்கிறது. அந்தச் சந்து வழியாகத்தான் பொள்ளாச்சிக்குக் காற்று வந்தது, மழை வந்தது, மிளகு வந்தது, படைகள் வந்தன, பாலக்காட்டுச் சம்பந்திகள் வந்தார்கள். ரோமாபுரிக் காசும் வந்தது. 1800இல் இந்தப் பக்கம் சுற்றிய பிரான்சிஸ் புக்கானன், பொள்ளாச்சியில் அகஸ்டஸ், டைபீரியஸ் தலை பொறித்த வெள்ளிக்காசுகள் ஒரு பானையில் கிடைத்ததை எழுதி வைத்திருக்கிறார். யாரோ ஒரு வியாபாரி சம்பாதித்துப் புதைத்துவிட்டு, வீட்டுக்காரியிடம் இடத்தைச் சொல்லாமல் செத்திருக்கிறான். பொள்ளாச்சி அப்போதிருந்தே சந்தை ஊர்தான்.

இனி மாங்காய்.

நன்னன் என்று ஒரு குறுநில மன்னன். அவனுக்குக் காவல் மரம் மாமரம். அந்தக் காலத்தில் ராஜாக்களுக்கு மரம்தான் கொடி, சின்னம், மானம் எல்லாம். எதிரி வந்தால் முதலில் மரத்தை வெட்டுவான். மன்னனை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். அந்த மரத்துக் காய் ஒன்று ஆற்றில் விழுந்தது. விழுந்த காய் சும்மா இருக்குமா, மிதந்தது. கீழே குளிக்க வந்த ஒரு பெண் எடுத்துத் தின்றாள். நாமும் அதைத்தான் செய்திருப்போம். நன்னன் அவளுக்கு மரண தண்டனை விதித்தான்.

பெண்ணின் வீட்டார் சமாதானம் பேசினார்கள். எண்பத்தொரு களிற்று யானைகள் தருகிறோம், அவள் எடைக்கு எடை பொன்னால் பாவையும் செய்து தருகிறோம் என்றார்கள். கணக்குத் தெரிந்த எந்த ராஜாவும் அங்கேயே கை குலுக்கியிருப்பான். ஒரு மாங்காய்க்கு எண்பத்தொரு யானை என்பது எந்தச் சந்தையிலும் கிடைக்காத விலை. நன்னன் மறுத்தான், கொன்றான், 'பெண்கொலை புரிந்த நன்னன்' என்ற பட்டத்தோடு இலக்கியத்தில் நுழைந்தான். இந்தச் செய்தியைச் சொல்வது குறுந்தொகையின் 292ஆம் பாட்டு. பாடியவர் பரணர். இதில் வேடிக்கை, அந்தப் பாட்டு கொலையைப் பற்றியதே அல்ல. காதலனைச் சந்திக்க விடாமல் ராத்திரியெல்லாம் கண் விழித்துக் காவல் காக்கிற ஓர் அம்மாவைத் திட்டுவதற்காகத் தோழி எடுத்த உவமை அது. 'நன்னன் போன நரகத்துக்கே இந்த அம்மாவும் போகட்டும்' என்கிறாள். தூங்காத குற்றத்துக்குக் கொலைகாரனோடு சேர்த்து நரகம். சங்ககாலத் தோழிகளிடம் வாயைக் கொடுக்கக் கூடாது.

நன்னன் எந்த ஊர்க்காரன் என்பதில் தகராறு உண்டு. ஏழில்மலை நன்னன் என்று சொல்லிப் புலவர்கள் அவனை மேற்குக் கரையில் கண்ணூர்ப் பக்கம் குடியேற்றுகிறார்கள். ஆனைமலைக்காரர்கள் விடுவதாக இல்லை. எங்கள் ஊரின் பழைய பெயரே நன்னனூர், அந்த ஆறு எங்கள் ஆழியாறு, அந்தப் பெண்தான் எங்கள் மாசாணியம்மன் என்கிறார்கள். நல்லவனைத் தங்கள் ஊரில் சேர்த்துக்கொள்ளச் சண்டை போடும் ஊர்களைப் பார்த்திருக்கிறேன். பெண்ணைக் கொன்றவன் எங்கள் ஆள்தான் என்று மல்லுக்கு நிற்பதை இங்கேதான் பார்க்கிறேன். காரணம் கோயிலுக்குள் போனால் புரியும். அவன் செத்துப் போனான். அவள் மண்ணில் மல்லாந்து கிடந்த கோலத்தில் பெரிய உருவமாகக் கோர்ட் நடத்திக்கொண்டிருக்கிறாள். களவு கொடுத்தவர்கள், ஏமாந்தவர்கள், துரோகம் பட்டவர்கள் வந்து அம்மியில் மிளகாய் அரைத்து அங்கே இருக்கிற நீதிக்கல்லில் பூசிவிட்டுப் போகிறார்கள். காரம் இறங்குவதற்குள் குற்றவாளிக்கு எரிய வேண்டும் என்பது நடைமுறை. வக்கீல் கிடையாது, வாய்தா கிடையாது. மிளகாய்ச் செலவு மட்டும். நன்னனின் மாமரத்தைப் பின்னால் கோசர் என்ற குடியினர் வெட்டிச் சாய்த்தார்கள் என்பதும் சங்கப் பாட்டில் இருக்கிறது. முதல் மிளகாய் அப்போதே அரைக்கப்பட்டதாக நான் எடுத்துக்கொள்கிறேன், அமெரிக்கக் கண்டத்திலிருந்து மிளகாய் வந்துசேர இன்னும் ஆயிரத்துச் சொச்சம் வருஷம் இருந்தாலும்.

கவனித்தீர்களா? மேலே இருந்தது கீழே வந்தது, கீழே இருந்தவர் மாட்டிக்கொண்டார். இந்த அடிவாரத்தில் இதற்குப் பிறகு நடந்தது எல்லாமே இந்த மாங்காயின் மறுபதிப்புதான்.

பஸ் சேத்துமடையில் நின்றது. வனத்துறைச் சோதனைச்சாவடி. பிளாஸ்டிக் இருக்கிறதா, பாட்டில் இருக்கிறதா என்று பைக்குள் எட்டிப் பார்த்தார்கள். என் மாங்காய் தையல் இலையில் சுற்றியிருந்ததால் தப்பியது. இங்கிருந்து ரோடு காட்டுக்குள் ஏறுகிறது. டாப்சிலிப் சுமார் 2,350 அடி உயரம்.

டாப்சிலிப் என்ற பெயரை முதலில் கேட்கிறவர்கள் ஏதோ தலையணை உறை என்று நினைப்பார்கள். அது ஒரு சறுக்குமரத்தின் மேல்நுனி. கிழக்கிந்தியக் கம்பெனிக்குக் கப்பல் கட்டத் தேக்கு வேண்டியிருந்தது. இங்கிலாந்தின் ஓக் மரம் தீர்ந்துகொண்டு வந்தது. தேக்கோ உப்புத் தண்ணீரில் ஊறினாலும் அசராது. பம்பாயில் தேக்கில் கட்டி 1817இல் முடித்த 'டிரிங்கமலி' என்ற போர்க்கப்பல் இன்றும் இங்கிலாந்தில் ஹார்ட்டில்பூல் துறைமுகத்தில் மிதக்கிறது. நம்மூர் மரத்தின் தரத்துக்கு இதைவிடச் சான்றிதழ் வேண்டாம். எனவே பம்பாய்த் துறைக்கு மரம் அனுப்ப 1848இல் மைக்கேல் என்ற இளம் ராணுவ அதிகாரியை ஆனைமலைக் காட்டுக்கு அனுப்பினார்கள். அவருக்குப் பின் டக்ளஸ் ஹாமில்டன். அவர் வேட்டைக்காரர், படமும் வரைவார். 1850களின் கடைசியில் பெடோம். பெடோமுக்குச் சம்பளம் மரத்துக்கு, மனசு பாம்பில். மண்ணுக்குள் புதைந்து வாழும் கேடயவால் பாம்புகளைத் தோண்டித் தோண்டி எடுத்துப் பெயர் வைத்தார். பின்னால் சென்னை மாகாண வனத்துறைக்கே தலைவரானார். அலுவலக நேரத்தில் பாம்பு பிடித்தவர் பதவி உயர்வு பெற்றதற்கு நான் அறிந்த ஒரே முன்னுதாரணம் இவர்.

மரம் வெட்டுவது சுலபம். உச்சியில் வெட்டிய மரத்தை அடிவாரம் சேர்ப்பது எப்படி? யானை இழுத்து விளிம்பு வரை கொண்டுவரும். அதற்குப் பிறகு ஐசக் நியூட்டன் பார்த்துக்கொள்வார். சரிவில் வழி செதுக்கி, மரத்தை உருட்டி விட்டார்கள். மேலே உருட்டிவிடும் இடம் டாப்சிலிப். கீழே சேத்துமடைப் பக்கம் அது வந்து சேரும். வந்து சேரும் நேரத்தில் அங்கே யார் நிற்கிறார்கள் என்பதைப் பற்றி மேலே இருப்பவருக்குப் பெரிய கவலை இருந்திருக்காது. நன்னன் ஆற்றை வைத்துச் செய்ததைக் கம்பெனி நியூட்டனை வைத்துச் செய்தது.

காய்ச்சல் வேறு. அடிவாரக் காட்டுக்குள் ஒரு ராத்திரி தங்கினால் குளிர்சுரம் பிடித்து ஆட்டும். கெட்ட காற்றினால் வருகிறது என்று துரைமார் நம்பினார்கள். ஜன்னலைச் சாத்தினார்கள், பிராந்தி குடித்தார்கள், செத்தார்கள். கொசுதான் காரணம் என்பதை ரொனால்ட் ராஸ் 1897இல்தான் கண்டுபிடித்தார். அதுவரை ஆனைமலையை வெள்ளைக்காரனிடமிருந்து காப்பாற்றிய ஒரே வனக்காவலர் அந்தக் கொசு. சம்பளமும் கேட்கவில்லை.

இதில் பெரிய கூத்து, இத்தனை கஷ்டப்பட்டு மரத்தை இறக்கப் பழகியபோது உலகம் இரும்புக் கப்பலுக்கு மாறிக்கொண்டிருந்தது. பரவாயில்லை என்று ரயில் வந்து மரத்தை விழுங்க ஆரம்பித்தது. தண்டவாளத்துக்கு அடியில் கட்டை, இன்ஜினுக்குள் விறகு. காடு கப்பலிடமிருந்து விடுதலை பெற்று ரயிலிடம் மாட்டியது.

1875இல் இன்னொரு பெரிய திட்டம். வேல்ஸ் இளவரசர், பிற்காலத்து ஏழாம் எட்வர்டு, இந்தியாவுக்கு வந்தார். பேப்பூரில் இறங்கி ஆனைமலைக்கு வந்து வேட்டையாடுவதாக ஏற்பாடு. பாதை போட்டார்கள், தங்குமிடம் கட்டினார்கள், யானைகளும் ஆட்களும் சாமான் சுமந்தார்கள் என்று வால்பாறைப் பக்கம் இன்றும் கதை சொல்கிறார்கள். கடைசி நேரத்தில் காலரா என்று செய்தி. இளவரசர் 'மன்னிக்கவும்' என்று இலங்கைக்குக் கப்பலேறி, அங்கே ஒரு யானையைச் சுட்டு ஆசையைத் தீர்த்துக்கொண்டார். மாப்பிள்ளை வராத கல்யாணப் பந்தல் மாதிரி அந்தப் பாதைகள் கிடந்தன. அதில் பிற்பாடு தோட்டக்காரர்கள் ஏறினார்கள். ஆனைமலை யானைகள் காலராவுக்கு ஒரு கோயில் கட்டியிருக்க வேண்டும்.

டாப்சிலிப்புக்கு ஆங்கிலேயர் வைத்த இன்னொரு பெயர் மவுண்ட் ஸ்டூவர்ட். ஸ்டூவர்ட் என்று ஒரு மலையா என்று தேட வேண்டாம். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்தவர் மவுண்ட்ஸ்டூவர்ட் எல்பின்ஸ்டன் கிராண்ட் டஃப். அவர் வந்து போனதன் நினைவாக அந்தப் பெயர். மனிதரின் பெயரிலேயே மலை இருந்ததால் மேற்கொண்டு செலவில்லாமல் முடிந்தது. நம்மூரில் 'மலைச்சாமி' என்று ஒருவர் வந்து டீ குடித்துவிட்டுப் போனதற்காக ஊருக்கு 'மலை சாமி' என்று பெயர் வைத்த மாதிரி.

அந்த ஊரில் ஏற்கெனவே ஆட்கள் இருந்தார்கள் என்பது பெயர் வைத்தவர்களுக்கு ஒரு சின்ன விவரம். காடர்கள், மலசர்கள், மலைமலசர்கள், முதுவர்கள், புலையர்கள், இரவாளர்கள். துரைமார் ஆணியடித்த மரத்துக்கெல்லாம் இவர்களிடம் பெயர் இருந்தது. மரத்தில் மூங்கில் முளை அடித்து அதையே ஏணியாக்கி, ராத்திரியில் தீப்பந்தத்தோடு ஏறித் தேன் எடுப்பவர்கள் காடர்கள். இந்த மலையில் கீழே உருட்டாமல் மேலே ஏறிய ஒரே தொழில்நுட்பம் அது. யானையோடு பேசத் தெரிந்தவர்கள் மலசர்கள். மைக்கேலும் ஹாமில்டனும் வெட்டிய மரத்தை உண்மையில் இழுத்தது மலசர் சொன்ன பேச்சைக் கேட்ட யானைகள்.

சென்னை அருங்காட்சியகத்தின் எட்கர் தர்ஸ்டன் அளவுகோலோடு மவுண்ட் ஸ்டூவர்ட் வந்தார். அவருக்கு மனிதர்களைப் பார்த்தால் மூக்கின் நீள அகலத்தை அளக்கத் தோன்றும். காடர்கள் முன்பற்களைக் கூராகச் செதுக்கிக்கொள்வதையும், பெண்கள் தலையில் மூங்கில் சீப்பு செருகுவதையும் பார்த்து, மலாயாவில் இப்படி, போர்னியோவில் அப்படி என்று ஒப்பிட்டு எழுதினார். 1909இல் ஏழு தொகுதிகளாக வந்த அவருடைய நூலில் காடர்கள் இடம்பிடித்தார்கள். காடர்கள் ஒரு நூல் எழுதியிருந்தால், மூக்கை அளப்பதற்காகவே கடல் தாண்டி வரும் ஒரு விசித்திரக் குடியைப் பற்றி நமக்குத் தெரிந்திருக்கும். குடையும் தொப்பியும் ஒரே நேரத்தில் வைத்துக்கொள்ளும் வழக்கம் உடையவர்கள், தேன் எடுக்கத் தெரியாதவர்கள், ஆயினும் தீங்கற்றவர்கள் என்று.

தீங்கற்றவர்கள் என்பதைத் திருத்திக்கொள்ள வேண்டும். ஆழியாற்றுக்கு மேலே வால்பாறைப் பீடபூமியில் மழைக்காட்டை வழித்துவிட்டுக் காப்பியும் பிறகு தேயிலையும் வைத்த காலத்தில், கங்காணிகள் சமவெளியிலிருந்து ஆட்களை முன்பணம் கொடுத்து ஏற்றிக்கொண்டு போனார்கள். அட்டையும் மலேரியாவும் கடனும் காத்திருந்தன. ஏறியவர்களில் எத்தனையோ பேர் இறங்கவில்லை. அந்தத் தோட்டங்களில் மருத்துவராக இருந்த பி.எச். டேனியல் எழுதிய நாவலை இரா. முருகவேள் 'எரியும் பனிக்காடு' என்று தமிழில் கொடுத்திருக்கிறார். அதைப் படித்துவிட்டுக் காலையில் டீ குடிக்கிறபோது தொண்டையில் ஏதோ நிற்கும். இந்த இடத்தில் எனக்கு நகைச்சுவை வருவதில்லை. பஸ்ஸும் இந்த இடத்தில் ஒரு வளைவில் உறுமிக்கொண்டு நின்றுவிட்டது, காட்டுமாடு ஒன்று ரோட்டைக் கடக்கிறவரை.

டாப்சிலிப்பின் கதாநாயகர் ஹியூகோ வுட். பெயரே மரம். 1910களின் நடுவில் கோவை தெற்கு வனக்கோட்டத்துக்கு வந்தபோது, முன்னால் வந்தவர்கள் அறுபது எழுபது வருஷம் உருட்டித் தள்ளியதில் மலை பல இடங்களில் சவரம் செய்த தாடையாக இருந்தது. வுட் இரண்டு காரியம் செய்தார். மரத்தை வேரோடு பிடுங்காமல், அடிக்கட்டையை விட்டு வெட்டச் சொன்னார். அது மறுபடி துளிர்த்து வரும். கரும்பு விவசாயிகளுக்கு இதைப் புரிய வைக்க வேண்டியதில்லை, மறுதாம்பு என்று அவர்களுக்கு எப்போதோ தெரியும். இரண்டாவது, நடந்த இடமெல்லாம் தேக்கு விதைத்தார். கோட்டுப் பையில் விதை, கையில் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடி. தடியால் குத்துவார், விதையைப் போடுவார், நடப்பார் என்பது டாப்சிலிப்பில் எல்லோரும் சொல்லும் கதை. ஒரு பக்கம் மதிப்பு வருகிறது. இன்னொரு பக்கம், இவரோடு மாலை நடைக்குப் போனவர்களின் பாடு என்னவாக இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்க்கிறேன். ஒரு மைல் கடக்க ஒரு சாயங்காலம் போதாது.

1933இல் குன்னூரில் இறந்தார். ஆசைப்பட்டபடி டாப்சிலிப்பில் தேக்கு மரங்களுக்கு நடுவே புதைத்தார்கள். கல்லறையில் லத்தீனில் ஒரு வாசகம். என் நினைவுச்சின்னத்தைத் தேடுகிறாயா, சுற்றிலும் பார் என்று அர்த்தம். அருமையான வாசகம்தான். ஆனால் அது ஏற்கெனவே லண்டன் செயின்ட் பால் தேவாலயத்தைக் கட்டிய கிறிஸ்டோபர் ரென்னின் சமாதியில் இருக்கிறது. ஓசியில் எடுத்தாலும் பொருத்தமாக எடுத்தார்கள். ரென்னின் சமாதியில் நின்று சுற்றிப் பார்த்தால் கல் தெரியும். இங்கே பார்த்தால் இலை. ஒரு குறை மட்டும் சொல்லலாம். சுற்றிப் பார்த்தால் தேக்கு, இன்னும் பார்த்தால் தேக்கு, கழுத்து வலிக்கிறவரை தேக்கு. கொஞ்சம் தள்ளிக் கரியன்சோலைக்குள் போனால்தான் காடு என்றால் என்ன என்று தெரிகிறது. கொடி, பாசி, இருவாச்சி, சோலைமந்தி, பெயர் தெரியாத நூறு மரம். வுட் நட்டது காடா, மிகப் பொறுமையான ஒரு தச்சுப்பட்டறையா என்று எனக்கு இன்னும் தீரவில்லை. வெட்ட வந்தவர்களின் வரிசையில் நட்ட ஒருத்தர் என்பதால் இதற்கு மேல் வம்புக்குப் போகவில்லை.

மலைக்கு மறுபக்கம் கொச்சி சமஸ்தானம் சும்மா இருக்குமா? டாப்சிலிப்பைத் தாண்டினால் பரம்பிக்குளம், அவர்கள் காடு. அவர்கள் 1907இல் டிராம் விட்டார்கள். பரம்பிக்குளத்துக் காட்டிலிருந்து சாலக்குடி வரை ஏறக்குறைய ஐம்பது மைல். செங்குத்தான இடங்களில் மரம் ஏற்றிய வண்டி இறங்குகிற கனத்தில் காலி வண்டி மேலே இழுபட்டு ஏறும். கிணற்று ராட்டினத்தில் இரண்டு வாளி கட்டின தந்திரம். 1963இல் அந்த டிராம் மூடப்பட்டது. கிழக்கே நாங்கள் உருட்டினோம், மேற்கே அவர்கள் ஓட்டினார்கள், நடுவில் மலை இரண்டு பக்கமும் இறங்கியது. இதில் தப்பித்த பெரியவர் கன்னிமாரத் தேக்கு. நாலு நூற்றாண்டு வயது என்கிறார்கள். கட்டிப்பிடிக்க ஐந்து பேர் வேண்டும். வெட்ட முயன்றபோது ரத்தம் வந்தது, அதனால் கன்னிமார் குடியிருக்கும் மரம் என்று விட்டுவிட்டார்கள் என்பது கதை. வனப் பாதுகாப்புச் சட்டங்கள் வருவதற்கு முன்பு மரங்கள் தங்களைத் தாங்களே இப்படித்தான் காப்பாற்றிக்கொண்டன.

பரம்பிக்குளம் கேரளம். ஆனால் கேரளத்திலிருந்து அங்கே போக ரோடு பொள்ளாச்சி வந்து, சேத்துமடை ஏறி, டாப்சிலிப் தாண்டித்தான் போகிறது. சொந்த வீட்டுச் சமையலறைக்குப் பக்கத்து வீட்டுத் திண்ணை வழியாகப் போகிற கதை. அங்கே உள்ள அணை கேரள மண்ணில் நிற்கிறது, இயக்குவது தமிழ்நாடு. 2022 செப்டம்பரில் ஒரு ராத்திரி அந்த அணையின் மதகு ஒன்று உடைந்து தண்ணீர் மேற்கே பாய்ந்தபோது இரண்டு மாநிலமும் தூங்கவில்லை.

மரம் இறக்கியது போதும் என்று தோன்றியபோது அடுத்து எதை இறக்குவது என்று யோசித்தார்கள். தண்ணீர். மேற்கே அரபிக்கடலுக்குப் போய்க்கொண்டிருந்த ஆறுகளை அணை போட்டுப் பிடித்து, மலையைக் குடைந்து, கிழக்கே பொள்ளாச்சிக்கும் உடுமலைக்கும் இறக்கினார்கள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம். ஊரில் கேட்டால் பி.ஏ.பி. ஆழியாறு அணை 1962இல் வந்தது. காமராஜர் காலத்துக் காரியம். இந்தத் தென்னந்தோப்புகள் பாதி அந்தத் தண்ணீரைக் குடித்துத்தான் இளநீராகச் சென்னைக்கு லாரி ஏறுகின்றன. இரு மாநில ஒப்பந்தம் கையெழுத்தானது 1970இல்; அமலுக்கு வந்ததாக எழுதிக்கொண்டது 1958 நவம்பரிலிருந்து. பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வயசில் நிச்சயதார்த்தம் நடந்த குடும்பங்களை இனிக் குறை சொல்லாதீர்கள். கேரளத்துச் சித்தூர் வயல்களுக்காக மணக்கடவில் வருஷம் 7.25 டி.எம்.சி. தர வேண்டும். ஒவ்வொரு கோடையிலும் இந்த ஏழேகால் கணக்கு நன்னன் வீட்டு மாங்காய்க் கணக்கு மாதிரி பேசித் தீராது.

தண்ணீர் மலையோரமாகக் காண்டூர் கால்வாயில் ஓடுகிறது. அது யானைகளின் பழைய தடங்களைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. யானைக்குத் திட்ட அறிக்கை படிக்கத் தெரியாததால் தாத்தா போன வழியே நடந்து வந்து, வழுக்கும் சிமெண்ட்டில் நின்று யோசிக்க வேண்டியிருக்கிறது.

1976இல் சரணாலயம், 2007இல் புலிகள் காப்பகம். மரம் வெட்டுவது நின்றது. இழுத்த யானைகளும் அவற்றின் பிள்ளைகளும் கோழிகமுத்தி முகாமில் கும்கிகள் ஆயின. மாவுத்தரும் அவர்களின் உதவியாளரான காவடிகளும் பெரும்பாலும் மலசர்கள்தான் இப்போதும். பொங்கலுக்கு யானைகளுக்கே பொங்கல் வைக்கிறார்கள். கலீம் என்ற கும்கி காட்டு யானை பிடிக்கும் வேலைகளுக்கு 99 தடவை போய்வந்து, அறுபது வயதில் 2023 மார்ச்சில் ஓய்வு பெற்றது. அணிவகுப்பு மரியாதை எல்லாம் நடந்தது. சதம் அடிக்காமல் ஓய்வு பெற்றதைப் பற்றி அது வருத்தப்பட்டதாகத் தெரியவில்லை.

இப்போதெல்லாம் இந்த மலைக்கு எதையாவது ஏற்றி அனுப்புகிறார்கள் என்பதுதான் புதுமை. கோவை தடாகம் பக்கம் தோட்டங்களில் புகுந்த சின்னத்தம்பி என்ற காட்டு யானையை 2019 ஜனவரியில் பிடித்து லாரியில் கொண்டுவந்து டாப்சிலிப் பக்கம் வரகளியாற்றுக் காட்டில் விட்டார்கள். அது ஒரு வாரம் பொறுத்தது. பிறகு யாரும் உருட்டிவிடாமல், டிராம் இல்லாமல், தன் நாலு காலில் இறங்கி நடந்தது. ஆனைமலை, உடுமலை என்று போய் ஒரு சர்க்கரை ஆலைப் பக்கம் கரும்புக்கு நடுவே குடியேறியது. விரட்டக் கலீமைக் கூட்டிவந்தார்கள். இரண்டும் துதிக்கையைக் கோத்துக்கொண்டு உறவாடியதைத் தமிழ்நாடே தொலைக்காட்சியில் பார்த்தது. விசாரணைக்கு வந்த அதிகாரி குற்றவாளி வீட்டில் விருந்து சாப்பிட்ட கதை. கடைசியில் நீதிமன்றம் சொல்லிப் பிடித்து முகாமில் சேர்த்தார்கள். 2023இல் தருமபுரியிலிருந்து கொண்டுவந்து விட்ட, தந்தமில்லாத மக்னா யானையும் இதே சரிவில் இறங்கி, பொள்ளாச்சி வழியாகக் கோவை நகரத்தின் ஓரம் வரை நடந்து போனது. நன்னன் வேண்டாம் என்று சொன்ன எண்பத்தொன்றில் பாக்கி இருப்பவை இன்னும் யாரிடம் சேர்வது என்று தேடி அலைகின்றன போலும்.

டாப்சிலிப்பில் இறங்கினேன். வுட்டின் கல்லறை வரை நடந்து, பக்கத்தில் ஒரு வேரில் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். முதல் பத்தை வாயில். இரண்டாவதை எடுப்பதற்குள் பின்னாலிருந்து ஒரு கை வந்தது, என் கையைவிடச் சின்னது, என் கையைவிட வேகமானது. தையல் இலையோடு போய்விட்டது.

வனக்காவலர் ஒருவர் தூரத்திலிருந்து சிரித்தார். "திருட்டுப் பயலுக இந்தக் கொரங்குக, நாங்க சொன்னா கேக்கறீங்களா?"

குரங்கு தேக்கில் ஏறியது. வுட் கைத்தடியால் குத்தி நட்டதாக இருக்கலாம் அந்த மரம். பாதி உயரத்தில் உட்கார்ந்து ஒரு பத்தையைக் கடித்தது, மிளகாய்த்தூள் பட்டு முகத்தைச் சுளித்தது, என்னைப் பார்த்துப் பல்லைக் காட்டியது. பிறகு மிச்சத்தை வாயில் கவ்விக்கொண்டு இன்னும் மேலே போனது. எனக்குத் தெரிந்து இந்தச் சரிவில் ஒரு மாங்காய் மேலே போனது அன்றைக்குத்தான்.